கோபத்தின் வேகம்

இலங்கை எரிந்துகொண்டிருக்கிறது. வாலில் பற்றிய தீயைக் கடல்நீரில் அணைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறார் ஆஞ்சநேயர். அப்போதுதான் அவருக்குத் தோன்றுகிறது, அன்னை சீதையும் இந்த நகரில்தானே இருக்கிறாள் என்று! எந்தக் காரியத்துக்காகக் கடலைத் தாண்டி வந்தாரோ, அதைத் தாமே அழித்துவிட்டோமோ என்று நடுங்குகிறார். உயிரை விட்டுவிடவும் எண்ணுகிறார். வால்மீகி ராமாயணம், சுந்தர காண்டம் 55-ஆம் ஸர்க்கத்தில் இந்தக் காட்சி வருகிறது. அன்னைக்குத் தீங்கு நேரவில்லை என்று சாரணர்கள் பேசிக்கொள்வதைக் கேட்ட பிறகே அவர் மனம் ஆறுகிறது.

புலனடக்கத்தில் நிகரற்றவரான அனுமனையே ஆதிகவி இப்படித் தவிக்க வைத்திருப்பதைக் கவனிக்க வேண்டும். அந்தத் தவிப்பினிடையே அவர் கோபத்தைப் பற்றியே சிந்திக்கிறார். கோபம் கொண்டவன் பெரியோரையும் கொல்லத் துணிவான். சொல்லத் தகாத சொல் என்று அவனுக்கு எதுவும் இல்லை. பாம்பு சட்டையை உரிப்பதுபோல, எழுந்த கோபத்தைப் பொறுமையால் கழற்றி எறிபவனே மனிதன். இதுவே அவருடைய சிந்தனையின் சாரம். 'எழுந்த' கோபம் என்கிறாரே தவிர, கோபமே எழக்கூடாது என்று அவர் சொல்லவில்லை.

கீதையின் ஐந்தாம் அத்தியாயம் 23-ஆம் சுலோகத்திலும் இதே கருத்து இருக்கிறது. காமத்தாலும் கோபத்தாலும் உண்டாகும் 'வேகத்தை' இவ்வுடலில் இருக்கும்போதே தாங்க வல்லவன் எவனோ, அவனே யோகி, அவனே சுகமுள்ளவன் என்கிறார் பகவான். வேகம் என்ற சொல்லுக்கு ஆதிசங்கரர் தரும் விளக்கம் மிகவும் நடைமுறையானது. உடல் நடுங்குதல், வியர்த்தல், உதட்டைக் கடித்தல், கண் சிவத்தல் ஆகியவை கோப வேகத்தின் அடையாளங்கள் என்கிறார். உயிரோடு இருப்பவனுக்கு அதன் காரணங்கள் முடிவற்றவை. ஆகவே மரணம் வரையில் அதனிடம் அசட்டையாக இருக்கலாகாது என்றும் எச்சரிக்கிறார். நம் கோபத்தை நாம் ஒப்புக்கொள்ளும் முன்பே உடல் அறிவித்துவிடுகிறது. அந்த அறிவிப்பைக் கேட்கப் பழகுவதுதான் முதல் பயிற்சி.

பிறகு என்ன செய்வது? கோபத்தை விழுங்கிவிடுவதே அடக்கம் என்று நம் அன்பர்கள் பலர் எண்ணுகிறார்கள். விழுங்கிய கோபம் சமையலறையில் பாத்திரச் சத்தமாகவும், நாட்கணக்கில் நீளும் மௌனமாகவும் வெளிவருவதை எல்லா வீடுகளிலும் காணலாம். மறுபுறம், கொட்டித் தீர்த்தால் பாரம் குறையும் என்பார்கள். இதை அமெரிக்க உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002-இல் சோதித்துப் பார்த்தார். கோபமூட்டப்பட்ட மாணவர்களில் ஒரு சாரார், கோபமூட்டியவனை நினைத்துக்கொண்டே குத்துச்சண்டைப் பையைக் குத்தினர். ஒரு சாரார் சும்மா உட்கார்ந்திருந்தனர். குத்தியவர்களின் கோபமே அதிகமாக இருந்தது. அவரும் சோஃபி கியார்விக்கும் 154 ஆய்வுகளைத் தொகுத்து 2024-இல் வெளியிட்ட முடிவும் இதை ஒட்டியதே. மூச்சை ஆழப்படுத்துதல், தியானம், யோகம், தசைகளைத் தளர்த்துதல் போன்ற, உடலின் கொதிப்பைத் தணிக்கும் முறைகள் கோபத்தைக் குறைக்கின்றன. ஓட்டம் உடல்நலத்துக்கு நல்லதாயினும் கோபத்துக்கு மருந்தாகவில்லை.

ஆகவே உடல் கொதிக்கும்போது முதலில் மூச்சு; நிதானமாக, வெளிவிடும் மூச்சு சற்று நீளமாக. பேச்சை ஒத்திப் போடுவது அதற்கடுத்தது. எழுதிப் பார்ப்பதும் உதவும். கெட்டிஸ்பர்க் போருக்குப் பிறகு எதிரிப் படை தப்பிச் செல்ல விட்டதற்காக, தளபதி மீடுக்கு 1863 ஜூலை 14 அன்று மனவேதனையுடன் ஒரு கடிதம் எழுதினார் ஆபிரகாம் லிங்கன். அதில் கையெழுத்திடவும் இல்லை, அதை அனுப்பவும் இல்லை. ஆனால் எல்லாவற்றையும் உறையிலிட்டு மூடிவிட முடியாது. கோபத்துக்கு உண்மையான காரணம் இருந்தால், வேகம் தணிந்தபின் உரியவரிடம் போய்ச் சொல்லத்தான் வேண்டும். அப்போது விஷயத்தை மட்டும் சொல்வது நம்மால் இயலும்.

இதை எழுதுபவன் இவ்விஷயத்தில் தேறியவன் அல்லன். என் தந்தைக்குச் செவிப்புலன் குறைந்துவந்த காலத்தில், ஒரே கேள்வியை மூன்றாம் முறை கேட்டார் என்பதற்காக ஒருநாள் கத்திவிட்டேன். மறுநாள் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லையப்பா" என்றார். ஆனால் அதன்பின் என்னிடம் எதுவும் கேட்பதை நிறுத்திவிட்டார். மாத்திரை வேளையைக்கூடப் பேத்தியிடம்தான் கேட்பார். அவள் இல்லாவிட்டால் கேட்காமலே இருந்துவிடுவார்.

பல மாதங்கள் கழித்து ஒரு மாலையில், "இன்று என்ன கிழமை?" என்று என் பக்கம் திரும்பிக் கேட்டார். வியாழன் என்றேன். சற்று நேரம் பொறுத்து மீண்டும் கேட்டார். அருகில் போய் அமர்ந்து, வியாழன் என்றேன்.