செல்போன் சாட்சியம்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

தென்காசி மாவட்டம் ராயகிரியில் நடந்த குற்றத்துக்கு செஷன்ஸ் நீதிபதி தண்டனை கொடுத்தால், அப்பீல் மதுரைக்குத்தான். அங்குள்ள உயர் நீதிமன்றக் கிளைக்குப் போகும் கேஸ் கட்டுகளில் சிடிஆர் (அழைப்பு விவரப் பதிவு), டவர் லொகேஷன், வாட்ஸ்அப் பதிவு எல்லாம் இப்போது சாதாரணம். அவற்றைப் பற்றி ஊரில் உலவும் சில நம்பிக்கைகள் குற்றம் சாட்டப்பட்டவரையும் கவிழ்க்கும், பாதிக்கப்பட்டவரையும் கவிழ்க்கும்.

நம்பிக்கை 1: போலீஸ் முறைகேடாக எடுத்த ஆதாரம் கோர்ட்டில் நிற்காது.

உண்மை: பெரும்பாலும் நிற்கும். 1972-ல் ஆர்.எம். மல்கானி வழக்கிலும் 1973-ல் பூரண் மல் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் ஒரே வழியில்தான் சென்றது: ஆதாரம் வழக்குக்குப் பொருத்தமானதா என்று பார், எடுத்த விதம் தவறு என்பதற்காக மட்டும் தள்ளாதே. அமெரிக்காவின் நிலை வேறு. வாரண்ட் இல்லாமல் ஒருவரின் 127 நாள் செல்போன் இருப்பிடப் பதிவை வாங்கியது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று 2018-ல் கார்ப்பென்டர் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் நாட்டில் 2017-ன் புட்டசாமி தீர்ப்பு அந்தரங்கத்தை அடிப்படை உரிமை ஆக்கிய பிறகு முறைகேடாக எடுத்த ஆதாரத்தை ஒதுக்க வேண்டும் என்ற வாதத்துக்கு வலு கூடியிருக்கிறது. ஆனால் ஆதாரம் தானாக விழுந்துவிடாது.

நம்பிக்கை 2: குற்றத்தைக் கண்டுபிடிக்க யார் போனை வேண்டுமானாலும் ஒட்டுக்கேட்கலாம்.

உண்மை: 1885-ன் தந்திச் சட்டம் பொது அவசர நிலை, பொதுப் பாதுகாப்பு என்ற இரண்டு சூழல்களில்தான் அதற்கு அனுமதி தந்தது. லஞ்சப் புகார் ஒன்றில் 2011-ல் சிபிஐக்கு உள்துறை அமைச்சகம் கொடுத்த ஒட்டுக்கேட்பு உத்தரவை, கிஷோர் வழக்கில் 2025 ஜூலை 2 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் ரத்து செய்தார். அந்த உரையாடல்களைப் பயன்படுத்தக் கூடாது என்றார். அவற்றைச் சாராமல் கிடைத்த மற்ற ஆதாரங்களை விசாரணை நீதிமன்றம் தனியே எடைபோடலாம் என்றும் சொன்னார். அதற்குச் சில நாட்கள் முன்பு டெல்லி உயர் நீதிமன்றம், பெரிய ஊழலும் பொதுப் பாதுகாப்பைத் தொடும் என்று வேறு முடிவு எடுத்திருந்தது. அதே இரண்டு சூழல்கள் 2023-ன் தொலைத்தொடர்புச் சட்டத்திலும் இருப்பதால் இந்தச் சர்ச்சை ஓயவில்லை.

நம்பிக்கை 3: கேட்டதும் பாஸ்வேர்டைச் சொல்லியே ஆக வேண்டும்.

உண்மை: தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அரசியல் சாசனம் 20(3). கைரேகை கொடுப்பது அதில் வராது என்று 1961-லேயே உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. மனதில் இருக்கும் பாஸ்வேர்டு விஷயத்தில் கருத்து வேறுபாடு உண்டு. அதைக் கொடுப்பது சாட்சி சொல்வதாகாது, மறுத்தால் போலீஸ் நீதிமன்றத்தை நாடலாம் என்றது கர்நாடக உயர் நீதிமன்றம் (2021). கட்டாயப்படுத்த முடியாது என்றது டெல்லி சிபிஐ சிறப்பு நீதிமன்றம் (2022). ஸ்டேஷனில் மிரட்டி வாங்க இரண்டுமே இடம் தரவில்லை.

நம்பிக்கை 4: டவர் காட்டிவிட்டால் ஆள் அங்கேதான் இருந்தார்.

உண்மை: டவர் பதிவு, அந்த சிம் எந்த டவரோடு தொடர்பில் இருந்தது என்றுதான் சொல்லும். கிராமப்புறத்தில் ஒரு டவரின் எல்லைக்குள் ஊர், தோட்டம், சாலை என்று எல்லாமே அடங்கிவிடும். போனை வைத்திருந்தது யார் என்பதை அரசுத் தரப்பு வேறு சாட்சியத்தால் நிரூபிக்க வேண்டும்.

நம்பிக்கை 5: சான்றிதழ் இல்லையா? அப்பீலில் பார்த்துக்கொள்ளலாம்.

உண்மை: ஐந்திலும் ஆபத்தானது இதுதான். மின்னணுப் பதிவின் நகலைத் தாக்கல் செய்ய சாட்சியச் சட்டத்தின் 65பி சான்றிதழ் கட்டாயம் என்று 2014-ல் அன்வர் வழக்கிலும், 2020-ல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அசல் போனையே கொண்டுவந்து உரியவர் கூண்டேறிச் சாட்சி சொன்னால் மட்டும் சான்றிதழ் தேவையில்லை. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய சாக்ஷிய சட்டத்தில் இது 63-வது பிரிவு. படிவத்தின் முதல் பகுதியைத் தாக்கல் செய்பவரும் இரண்டாம் பகுதியை நிபுணரும் நிரப்ப வேண்டும். போனின் தயாரிப்பு, மாடல், நிறம், ஐஎம்இஐ எண், ஹேஷ் மதிப்பு எல்லாம் அதில் வர வேண்டும். ஹேஷ் என்பது கோப்பின் கைரேகை மாதிரி. உள்ளே ஓர் எழுத்து மாறினாலும் எண்ணே மாறிவிடும்.

சான்றிதழ் இல்லாமல் சிடிஆர் தாக்கல் ஆகும்போது எதிர்த்தரப்பு வாய் திறக்காவிட்டால் என்ன ஆகும்? 2017-ல் சோனு வழக்கில் உச்ச நீதிமன்றம் பதில் சொன்னது: நிரூபிக்கும் முறையில் உள்ள குறையை அப்பீலில் முதல்முறையாகக் கிளப்ப முடியாது. அன்றே ஆட்சேபித்திருந்தால் அரசுத் தரப்பு அப்போதே குறையைச் சரிசெய்திருக்கும் என்பது அதன் காரணம்.

ஆகவே உரிமையைக் காப்பாற்ற வேண்டிய இடம் மதுரை அல்ல, விசாரணை நீதிமன்றம். ஆவணத்துக்குக் குறியீடு இடும் நாளிலேயே வக்கீல் ஆட்சேபத்தைப் பதிவு செய்ய வேண்டும். போனைக் கைப்பற்றியபோது எழுதிய மகஜரில் உள்ள ஐஎம்இஐ எண்ணும் சான்றிதழில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். சோதனையை வீடியோ எடுக்கச் சொல்லும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 105-வது பிரிவின்படி எடுத்தார்களா என்று கேட்க வேண்டும். சம்பவ இடத்தில் தான் இல்லை என்பதைத் தன் சிடிஆரால் காட்ட நினைப்பவர் உடனே நீதிமன்றத்தில் மனு போட வேண்டும். கம்பெனிகள் 2 ஆண்டுக்கு மேல் அதை வைத்திருக்கக் கட்டாயமில்லை. வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் 15100 என்ற இலவச சட்ட உதவி எண்ணை அழைக்கலாம். காவலில் இருப்பவர்கள், பெண்கள், பட்டியல் சமூகத்தினர் ஆகியோருக்கு வருமான வரம்பே கிடையாது. அந்த அழைப்பை, தண்டனை வந்த பிறகு அல்ல, போன் கைப்பற்றப்பட்ட அன்றே செய்துவிடுங்கள்.