இதயம் துடிக்கிறது, மூளை விழித்ததா?

திருநெல்வேலி குறுக்குத்துறையில் குளித்துக்கொண்டிருந்த ஒருவர் தாமிரபரணியில் மூழ்கிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். கரையேற்றியபோது மூச்சில்லை, இதயமும் நின்றுவிட்டது. அருகிலிருந்தவர்கள் வாயோடு வாய் வைத்து ஊதினார்கள். மார்பை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை என்ற வேகத்தில் அழுத்தினார்கள். மருத்துவமனையில் இதயம் மீண்டும் துடித்தது. ஆனால் அவர் கண் விழிக்கவில்லை. ஏன்?

நம் உடல் எடையில் மூளை ஏறத்தாழ 2 சதவிகிதமே. ஆனால் உடல் செலவிடும் ஆக்சிஜனில் ஏறத்தாழ 20 சதவிகிதம் அதற்கு வேண்டும். அதைச் சேமித்து வைக்க மூளைக்கு வழியில்லை. இரத்த ஓட்டம் நின்ற நான்கைந்து நிமிடங்களிலேயே நரம்புச் செல்கள் கெடத் தொடங்கும்.

கன்னடியன் கால்வாயில் நீர் நின்றால் வயலில் நெற்பயிர் வாடும். மீண்டும் நீர் பாய்ந்த அன்றே எந்தப் பயிர் தழைக்கும், எது கருகும் என்று கூற முடியுமா? சில நாள் பார்க்க வேண்டும். மூளையும் அப்படித்தான்.

மருத்துவர்கள் எதைப் பார்க்கிறார்கள்? ஒரு சோதனையை நீங்களே செய்யலாம். கண்களை அரை நிமிடம் கைகளால் மூடிக்கொள்ளுங்கள். பிறகு வெளிச்சத்தில், கண்ணாடி முன் திறந்து பாருங்கள். கண்பாவை சட்டெனச் சுருங்கும். இது நடுமூளையின் வேலை. நோயாளியின் கண்ணில் விளக்கொளி பட்டதும் பாவைகள் சுருங்கினால் அது நல்ல அறிகுறி.

அடுத்தது, மூளையின் மின்னலைகள். மனித மூளையின் மின்னலைகளை 1924-இல் முதன்முதலாகப் பதிவு செய்தவர் ஹான்ஸ் பெர்கர் என்ற ஜெர்மானிய மருத்துவர். அந்த இ.இ.ஜி. முறை, வெளியே தெரியாத வலிப்பையும் காட்டிக்கொடுக்கும். மணிக்கட்டு நரம்பில் சிறு மின்துடிப்புக் கொடுத்து, அச்செய்தி மூளையின் மேற்பகுதியை எட்டுகிறதா என்றும் பார்ப்பதுண்டு.

ஒரே சோதனையை வைத்து முடிவு கட்டுவதில்லை. மயக்க மருந்தே மூளையின் பதிலை மறைத்துவிடலாம் அல்லவா? ஆகவே குறைந்தது 72 மணி நேரம் காத்திருந்து, பல சோதனைகளையும் சேர்த்துப் பார்த்தே கணிப்பார்கள். அதற்குப் பிறகு விழிப்பவர்களும் உண்டு.

"பிழைப்பாரா?" என்று வாசலில் நிற்கும் உறவினருக்கு அந்தக் காத்திருப்பு கடினம்தான். ஆனால் மூளைக்கு எவ்வளவு கேடு என்பதைப் பெரிதும் தீர்மானிப்பவை ஆற்றங்கரையில் கழியும் முதல் நிமிடங்களே. 108-ஐ அழைப்பதும், மூச்சு ஊதி மார்பை அழுத்துவதும் உங்கள் வயதிலேயே கற்கக்கூடியவை. கற்றுக்கொள்வீர்களா?