பணிச்சூழலும் பல்கலைக்கழக நூலகரின் செயல்திறனும்: எஸ்.ஆர். ரங்கநாதன் பணி வாழ்வை முன்வைத்து

முன்னுரை

நூலகரின் செயல்திறனை அவர்தம் தனித்திறனாக மட்டும் கருதுவது பொதுவழக்கு. அத்திறன் வெளிப்படுவதற்குப் பணிச்சூழல் இன்றியமையாதது என்பதை, சென்னைப் பல்கலைக்கழக நூலகராக விளங்கிய எஸ்.ஆர். ரங்கநாதனின் பணி வாழ்வுவழி இக்கட்டுரை ஆராய்கிறது.

இருவகைக் காரணிகள்

பிரடெரிக் ஹெர்ஸ்பெர்க் 1959இல் வெளியிட்ட ஆய்வு, பணிக்காரணிகளை இருவகைப்படுத்துகிறது. ஊதியம், மேற்பார்வை, பணியிட வசதி முதலியன நிறைவின்மையைத் தவிர்ப்பன. சாதனை, பொறுப்பு, ஏற்பு, பணியின் தன்மை முதலியன ஊக்கம் அளிப்பன. முன்னவை அமைந்த அளவிலேயே பின்னவை விளைந்துவிடுவதில்லை என்பது இக்கோட்பாட்டின் சாரம்.

ஊதியமும் ஊக்கமும்

கணிதப் பேராசிரியப் பணியிலிருந்த ரங்கநாதன் 1924 சனவரியில் நூலகர் பொறுப்பேற்றார். ஊதியம் முன்னினும் மிகுதி. எனினும் மாணவரற்ற தனிமையும் பணியின்மையும் அவரைச் சலிப்புறச் செய்தன. சில வாரங்களிலேயே ஆசிரியப் பணிக்குத் திரும்ப விழைந்தார். இலண்டனில் நூலகவியல் பயின்று திரும்பிய பின்னும் விருப்பமில்லையெனில் பழைய பணிக்கே செல்லலாம் என்னும் உடன்பாடு எட்டப்பட்டது. பயிற்சி முடித்து 1925இல் திரும்பியவர் நூலகத்திலேயே நிலைத்தார். நூலகவியலின் ஐந்து விதிகள் (1931), கோலன் பகுப்புமுறை (1933) ஆகிய நூல்கள் அப்பணிக்காலத்தே தோன்றியவை. ஆள் மாறவில்லை, பயிற்சியும் பொறுப்பும் செயலுரிமையும் வாய்த்தமையே மாற்றத்திற்குக் காரணமெனக் கொள்ளலாம்.

பணிச்சுமை

தம் அனுபவத்தை ரங்கநாதன் பொதுநெறியாகவும் ஆக்கினார். அவர் வகுத்த பணியாளர் வாய்பாடு, ஆண்டுதோறும் சேரும் 6000 நூல்களுக்கு நூற்பிரிவில் ஒருவர், 500 பருவ இதழ்களுக்கு இதழ்ப்பிரிவில் ஒருவர் எனக் கணக்கிடுகிறது. பணியாளர் தேவையைப் பணியின் அளவே தீர்மானிக்க வேண்டும் என்பது இதன் அடிப்படை. வளரும் உயிரியே நூலகம் எனும் ஐந்தாம் விதியும் நூல், வாசகர், பணியாளர் ஆகிய மூன்றன் வளர்ச்சியையும் உட்கொண்டது. நூல் பெருகப் பணியாளர் குறையுமாயின், பகுப்பும் பட்டியலும் தேங்கும். வாசகரின் நேரம் வீணாகும். அத்தேக்கத்தை நூலகரின் திறமைக்குறைவாகக் கொள்ளுதல் பொருந்தாது.

முடிவுரை

தனியொருவர் வாழ்விலிருந்து பெறும் முடிவு எல்லார்க்கும் பொதுவாகாது. எனினும், ஊதிய உயர்வு மட்டுமே செயல்திறனை வளர்த்துவிடாது என்பதையும், ஊக்கம் மட்டுமே ஆட்குறையை ஈடுசெய்யாது என்பதையும் இவ்வாய்வு புலப்படுத்துகிறது. பல்கலைக்கழகங்கள் நூலகரின் பணியை மதிப்பிடும்முன், அவர்க்கு அளிக்கப்பட்ட பயிற்சி, உரிமை, பணியாளர் எண்ணிக்கை ஆகியவற்றை மதிப்பிடுதல் வேண்டும்.