திறந்த மூலநிரலும் வணிகப் பண்டமும்

தில்லி சரோஜினி நகர் அங்காடியில் ஏற்றுமதியில் மிஞ்சிய ஆடைகள் மலிவாகக் கிடைக்கும். அவற்றுள் பலவற்றில் தயாரிப்பாளரின் பெயர்ச்சீட்டு கத்தரிக்கப்பட்டிருக்கும். ஆடையை வாங்குவோருக்கு இதனால் பெரு நட்டமில்லை. ஆனால் மென்பொருளில் பெயர்ச்சீட்டைக் கத்தரித்தவர், அதனை விற்கும் உரிமையையே இழக்கக்கூடும். இதன் காரணத்தை இங்கு ஆராய்வோம்.

1. உரிமம் என்பது யாது?

கணிப்பொறிக்குரிய கட்டளைகளை மனிதர் படித்தறியும் வடிவில் எழுதுவது மூலநிரல். 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், பிற்காலத் திருத்தங்களின் வழியாக, கணிப்பொறி நிரலை இலக்கியப் படைப்புகளுள் அடக்குகிறது. ஆகவே ஆசிரியரின் அனுமதியின்றி அதனைப் படியெடுத்து விற்பது உரிமை மீறலாகும். மூலநிரலை யாவரும் காண வெளியிட்டதனால் ஆசிரியர் தம் உரிமையைத் துறந்தார் எனக் கொள்ளுதல் தவறு. அவர் சில நிபந்தனைகளின் பேரில் அனுமதி தருகிறார், அவ்வனுமதியே உரிமம்.

2. இருவகை உரிமங்கள்

(அ) எம்.ஐ.டி., பி.எஸ்.டி., அப்பாச்சி ஆகியன முதல் வகையின. இவ்வகை நிரலைத் தம் பண்டத்தில் சேர்ப்போர், தம் மூலநிரலை வெளியிட வேண்டுவதில்லை. ஆயினும் ஆசிரியரின் உரிமைக் குறிப்பையும் உரிம வாசகத்தையும் நீக்கலாகாது.

(ஆ) குனூ பொது உரிமம் இரண்டாம் வகையது. இவ்வகை நிரலையும் எவ்விலைக்கும் விற்கலாம். ஆனால் பெறுவோருக்கு மூலநிரலையும் தருதல் வேண்டும். அன்றேல், கேட்போருக்குத் தருவதாக எழுத்து மூலம் உறுதி கூற வேண்டும். 1991ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பு, இவ்வுறுதி குறைந்தது 3 ஆண்டுகள் செல்லுபடியாக வேண்டும் என விதிக்கிறது. மாற்றிய நிரலைத் தம்மளவில் மட்டும் பயன்படுத்துவோருக்கு இக்கடமை இல்லை. பிறருக்கு வழங்கும்போதே அது எழுகிறது.

3. ஓர் உதாரணம்

லிங்க்சிஸ் நிறுவனத்தின் கம்பியில்லா இணையக் கருவி ஒன்றில் லினக்ஸ் நிரல் அடங்கியிருப்பது 2003ஆம் ஆண்டு தெரியவந்தது. மூலநிரலோ உடன் வழங்கப்படவில்லை. ஆர்வலர்கள் வற்புறுத்தவே, நிறுவனம் அதனை வெளியிட்டது. அதிலிருந்து ஓப்பன்டபிள்யூஆர்டி என்னும் புதிய மென்பொருள் வளர்ந்து, பல நிறுவனங்களின் கருவிகளிலும் இயங்கலாயிற்று. நிபந்தனையை மீறுவது பதிப்புரிமையை மீறுவதாகக் கூடும் என அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, ஜேக்கப்சன் என்பார் தொடுத்த வழக்கில் 2008ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. அவ்வழக்கு விளையாட்டு இரயில்களை இயக்கும் நிரல் பற்றியது. இலவசமாக அளிக்கப்பட்ட நிரலுக்கும் சட்டத்தின் காப்பு உண்டு என்பது அதனால் உறுதியாயிற்று.

4. நம் நாட்டில்

சென்னையிலுள்ள சி-டாக் மையம் டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு பாஸ் என்னும் இயக்க முறைமையை உருவாக்கி, 2007ஆம் ஆண்டு வெளியிட்டது. 2011ஆம் ஆண்டு தொடங்கிய தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வழங்கப்பட்ட கணினிகள் பலவற்றில் இது இடம்பெற்றது. அதிலுள்ள பொது உரிம நிரல்களைப் படித்தறியவும், திருத்தவும், பிறருக்கு வழங்கவும் அம்மாணவருக்கும் உரிமை உண்டு. அரசு அலுவலகங்களில் திறந்த மூல மென்பொருளுக்கு முதன்மை அளிக்கும் கொள்கையை மத்திய அரசு 2015ஆம் ஆண்டு வெளியிட்டது.

5. நாம் செய்யத்தக்கவை

கருவி வாங்குங்கால் உரிமத் தாளைத் தேடிப் படித்தல் வேண்டும். மூலநிரல் தருவதாக உறுதி இருப்பின், காலம் கடவாமுன் கேட்டுப் பெற்றுப் பாதுகாத்தல் நன்று. விற்றவர் தொழிலைக் கைவிட்டாலும், மூலநிரல் கையிலிருப்பின் பழுதை நீக்க வழியுண்டு; இல்லையேல் நல்ல கருவியும் பயனற்றுப் போகலாம். நாமே திருத்திய நிரலைப் பிறருக்கு அளிக்கும்போது முந்தைய ஆசிரியரின் பெயரை அழிக்காதிருத்தல் நம் கடன்.

பயிற்சி வினாக்கள்

1. திறந்த மூல மென்பொருளை விலைக்கு விற்கலாமா? காரணம் கூறுக.
2. இருவகை உரிமங்களுக்கும் உள்ள வேற்றுமை யாது?
3. உம் பள்ளியிலோ அலுவலகத்திலோ உள்ள ஒரு கருவியின் உரிமக் குறிப்பைக் கண்டு, அது எவ்வகையது என எழுதுக.