மழைக்காலத்திற்கேற்ற காய்கறி சூப்

ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால், புதுவையைச் சுற்றி பாகூர், வில்லியனூர், அரியாங்குப்பம் பகுதிகளில் காய்கறி பயிரிடும் உழவர்களுக்கு ஒரு சங்கடம் வந்துவிடுகிறது. தக்காளி செடியிலேயே வெடிக்கிறது. பரங்கிக்காயில் மண்ணில் படிந்த பக்கம் தழும்பேறுகிறது. மார்க்கெட்டுக்குக் கூடை கட்டும்போது இவற்றை ஒதுக்கிவிடுகிறோம். ஒதுக்கிய காய் மாட்டுத் தொட்டிக்கோ எருக்குழிக்கோ போகிறது. இவற்றில் குறைந்திருப்பது பார்வை மட்டுமே, சத்து அல்ல. வீட்டிலுள்ளோர் காய்கறியே இல்லாமல் சோறும் குழம்புமாக உண்ணும் நாட்களில் இவ்வாறு கழித்துவிடுவது வீண் இழப்பாகும்.

இந்தக் காய்களைக் கொண்டு கெட்டியான சூப் வைக்கலாம். சூப் என்றதும் நகரத்து ஓட்டல் பண்டம் என்று எண்ணவேண்டாம். புதுவையில் பிரெஞ்சு நிர்வாகம் 1954 நவம்பர் முதல் தேதியோடு முடிந்தது. சூப் குடிக்கும் வழக்கம் நகரில் தங்கிவிட்டது. பிரான்சில் உருளைக்கிழங்கை ஏழை எளியவர் உணவாகப் பரப்பிய பார்மான்தியே (1737-1813) என்பவரின் பெயரில் ஓர் உருளைக்கிழங்கு சூப் இன்றும் அங்கே வழங்கிவருகிறது. அங்கே கிடைத்ததை அவர்கள் போட்டார்கள். மலைக் காய்கறியை விலைகொடுத்து வாங்காமல், நம் தோட்டத்தில் கிடைப்பதை நாம் போடுவோம்.

முதலில் காயைப் பார்த்து எடுக்கவேண்டும். அன்று வெடித்த தக்காளி ஆகும். பூசணம் பூத்த தக்காளி ஆகாது. பூசணத்தின் நஞ்சு கொதிக்கவைத்தாலும் முழுவதும் போவதில்லை. ஆகவே பூசணம் கண்ட பகுதியை மட்டும் அரிந்துவிட்டு மீதியைப் பயன்படுத்துவதும் கூடாது. பூச்சி மருந்து தெளித்திருந்தால், மருந்துப் புட்டியில் குறித்துள்ள காத்திருப்பு நாட்கள் கழியும்வரை அந்தக் காயைத் தொடவேண்டாம். சந்தைக்கு அனுப்பும் காய்க்கும் இதே விதிதான்.

ஆறு பேருக்கு 100 கிராம் பாசிப்பருப்பு, அரைக் கிலோ பரங்கிக்காய், கால் கிலோ சுரைக்காய், தக்காளி மூன்று, சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி, பூண்டு நான்கு பல், முருங்கைக்கீரை இரண்டு கைப்பிடி போதும். காய்களை முழுதாகக் கழுவிய பிறகே நறுக்கவேண்டும். நறுக்கியபின் கழுவினால் வைட்டமின் 'பி'யும் 'சி'யும் கழுநீரோடு போய்விடும்.

பாத்திரத்தில் இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெய் விட்டு, வெங்காயத்தையும் பூண்டையும் வதக்கவும். எண்ணெயைச் சிக்கனம் என்று விட்டுவிடவேண்டாம். பரங்கிக்காயிலும் கீரையிலும் உள்ள கரோட்டின் உடலில் சேர எண்ணெய் வேண்டும். பருப்பையும் எட்டு டம்ளர் தண்ணீரையும் சேர்த்து மூடி வேகவிடவும். பருப்பு முக்கால் பதம் வெந்ததும் காய்களைப் போடவும். சீக்கிரம் வேகட்டும் என்று சமையல் சோடா போடும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. சோடா வைட்டமின்களை அழிக்கும், போடாதீர்கள். வெந்த நீரையும் வடித்துக் கொட்டாதீர்கள். காயிலிருந்து இறங்கிய சத்து அந்த நீரில்தான் இருக்கிறது. அதையும் சேர்த்துக் குடிப்பதே சூப்பின் சிறப்பு.

காய் குழைந்ததும் மத்தால் கடைந்துவிடவும். ஓட்டலில் சோளமாவு கரைத்து ஊற்றுவார்கள். அதைவிட ஒரு மேசைக்கரண்டி கேழ்வரகு மாவைக் குளிர்ந்த நீரில் கரைத்து ஊற்றுவது நல்லது. கெட்டித்தன்மையோடு சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கும். மாவு வெந்தபின் கீரையைப் போட்டு, நான்கைந்து நிமிடங்கள் கொதித்ததும் இறக்கவும். உப்பும் மிளகுத்தூளும் அளவாகச் சேர்க்கவும். சற்று ஆறியபின் அரை எலுமிச்சம்பழம் பிழியவும். அடுப்பில் இருக்கும்போது பிழிந்தால் வைட்டமின் 'சி' கெடும். கீரையின் இரும்புச் சத்து உடலில் சேர இந்த எலுமிச்சைச் சாறு உதவுகிறது.

குழந்தைகளுக்குக் கொடுக்கும்போது ஒன்றைக் கவனிக்கவேண்டும். சூப் நீர்த்திருந்தால் வயிறு நிறையும், ஆனால் பசி ஆறாது. கரண்டியில் எடுத்தால் தயங்கி விழும் பதத்தில் கொடுக்கவும். ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்கு உப்பும் மிளகும் சேர்ப்பதற்கு முன்பே ஒரு பங்கை எடுத்து நன்றாக மசித்து ஊட்டலாம். பருப்புச் சேர்ந்த பண்டமாதலால் வைத்த வேளையிலேயே தீர்த்துவிடவும்.

முற்றிய பரங்கிக்காயைக் காம்போடு அறுத்து, ஈரமில்லாத காற்றோட்டமான இடத்தில் ஒன்றோடொன்று இடிக்காமல் வைத்தால் இரண்டு மாதம்வரை இருக்கும். தழும்புள்ளவற்றை முதலில் சமையுங்கள். காயமில்லாதவற்றைச் சேமித்து வையுங்கள்.