வியசனமும் உடலியல்பும்

தாமிரபரணிப் பள்ளத்தாக்கில், சீவலப்பேரிக்கு அருகே மருகால்தலை என்னும் சிற்றூர் உள்ளது. அங்குள்ள குன்றில் துறவியர் தங்கிய குகைத்தளத்தையும் தமிழ் பிராமிக் கல்வெட்டையும் இன்றும் காணலாம். புலனடக்கத்தை வாழ்ந்து காட்டிய அச்சான்றோர் வழியில் நிற்கும் இல்லறத்தார்க்கு முதற்படி, ஏழு வியசனங்களை நீக்குதல். சூது, ஊன், கள், வேட்டை, களவு, பரத்தையர் தொடர்பு, பிறர்மனை விழைதல் என்பன அவை.

வியசனம் என்னும் சொல்லுக்குத் தீய பழக்கம் என்பதோடு துன்பம் என்றும் பொருள் உண்டு. இரண்டாம் பொருளை நாம் மறந்துவிடுகிறோம். போதையில் சிக்கியவரைப் பழிக்கிறோம். அவர் படும் துன்பத்தை எண்ணுவதில்லை. சிக்கியவர் பெண்ணாயின் பழி இருமடங்காகிறது. அவரும் மறைக்கிறார்; வீட்டாரும் மறைக்கின்றனர்.

போதை ஆடவர்க்கே உரியது என்பதும் பிழை. இதே ஆற்றங்கரையில் முக்கூடல் முதலிய ஊர்களில், மடியில் சுளகு வைத்துப் பீடி சுற்றும் மகளிரின் கையிலும் மூச்சிலும் புகையிலைத் தூள் படிகிறது. அத்தொழில் இல்லாத வீடுகளிலும் வெற்றிலையோடு புகையிலை சேர்க்கும் மூதாட்டியர் உண்டு.

ஆய்வு கூறுவது

அமெரிக்காவில் ஜில் பெக்கர், மரிலின் கரோல் முதலிய அறிஞர் எலிகளைக் கொண்டு இதனை ஆராய்ந்தனர். எலி ஒரு நெம்புகோலை அழுத்தினால் சிறிதளவு கொகெய்ன் அதன் இரத்தக்குழாயில் செல்லும். ஆண் எலிகளைவிடப் பெண் எலிகள் இப்பழக்கத்தை விரைவில் பற்றின. சூலகத்தை அகற்றியபின் நாட்டம் குறைந்தது. எஸ்ட்ராடையால் என்னும் பெண்பால் ஹார்மோனைக் கொடுத்தபோது மீண்டும் ஏறியது. புரொஜெஸ்டிரோன் அதனைத் தணித்தது. மூளையில் வேட்கையைத் தூண்டும் டோபமைனை எஸ்ட்ராடையால் பெருக்குவது இதற்கு ஒரு காரணம். எல்லாப் போதைப்பொருளுக்கும் இம்முடிவு ஒன்றுபோல் பொருந்துவதில்லை.

மனிதரிலும் வேறுபாடு உண்டு. பெண்ணுடல் நிகோட்டினைச் சராசரியாக ஆணுடலைவிட விரைவாகச் சிதைக்கிறது. கருவுற்ற காலத்தில் இன்னும் விரைவாக. நஞ்சு விரைவில் குறைந்தால் வேட்கையும் விரைவில் எழக்கூடும்.

பெண் எலியின் நான்கைந்து நாள் சுழற்சி கணக்கைக் குழப்பும் என்று கருதி, நெடுங்காலம் ஆண் விலங்குகளையே பெரிதும் ஆராய்ந்தனர். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்கள் 2016 முதல் இருபாலையும் கருதுமாறு பணித்தன.

அஹிம்சை கேட்கும் வினா

எலியும் ஐம்பொறி உடைய உயிரே. அதற்கு நஞ்சூட்டிப் பெற்ற அறிவை நாம் மகிழ்ந்து ஏற்க இயலாது. 1959இல் ரஸ்ஸல், பர்ச் என்னும் இருவர் விலங்குக்கு மாற்று, எண்ணிக்கைக் குறைப்பு, வேதனைக் குறைப்பு என்னும் மூன்று நெறிகளை வகுத்தனர். தவிர்க்கக்கூடிய சோதனையைத் தவிர்க்குமாறு நம் நாட்டின் 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டம் கூறுகிறது. 2023இல் திருத்தப்பட்ட மருந்து விதிகள், விலங்கின்றிச் செய்யும் சோதனைகளுக்கும் இடம் தந்தன. இவ்வழியையே நாம் ஆதரிக்க வேண்டும். பெற்றுவிட்ட அறிவைப் பயன்படுத்தாது விட்டால், அவ்வுயிர்களின் துன்பம் முற்றிலும் வீணாகும்.

நம் கடமை

உடல் நாமகர்மத்தால் அமைவது. உடல் வேறுபாட்டால் ஆன்மாவின் தன்மை தாழ்வதில்லை. ஆகவே போதைக்கு ஆட்பட்ட பெண்ணை மனவுறுதி அற்றவள் என்று இகழ்தல் அறமன்று. விரதம் அவளுக்குத் துணை, மருத்துவமும் துணை. திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை நாடலாம். புகையிலையை விட விரும்புவோர் 1800-112-356 என்னும் இலவச எண்ணில் பேசலாம். பழக்கம் தொடங்குமுன் தடுப்பதே எளிது என்பதை மகன்களுக்குக் கூறுவது போலவே மகள்களுக்கும் கூறுவோம்.

குடும்பத்துடன் சிந்திக்க

1. வியசனத்தின் இரு பொருள்கள் யாவை?
2. எலிகளின் நாட்டத்தை ஏற்றிய ஹார்மோன் எது? தணித்தது எது?
3. நம் வீட்டில் ஒருவர் தம் பழக்கத்தை மறைக்கிறாரெனில், அவர் அஞ்சாமல் பேச நாம் என்ன செய்தோம்?