படர்தாமரையும் சேற்றுப்புண்ணும்

கோமுகிப் பாசன வயல்களில் நாற்று நடுவோருக்குக் கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண் காண்பது வழக்கம். குழித்தறியில் நாள் முழுதும் அமர்ந்து நெய்வோருக்கு இடுப்பிலும் தொடையிடுக்கிலும் படர்தாமரை வருகின்றது. இரண்டிற்கும் ஈரமே துணை.

சேற்றுப்புண்ணைப் பற்றி அதிகம் எழுத வேண்டுவதில்லை. கரையேறியதும் கால்களை நல்ல நீரில் கழுவி, விரலிடுக்கை ஒற்றித் துடைத்து உலரவிட்டால் பெரும்பாலும் தணியும்.

படர்தாமரை விஷயத்தில்தான் நம் அங்கத்தினர் பலர் ஏமாறுகின்றனர். கடையில் வாயால் கேட்டு வாங்கும் களிம்புகள் சிலவற்றில் ஸ்டீராய்டு மருந்து கலந்திருக்கின்றது. தடவிய இரண்டொரு நாளில் அரிப்பு அடங்கும். நோய் நீங்கிற்று என்று எண்ணுவோம். உண்மையில் அடங்கியது தோலின் எதிர்ப்பே. காளான் தடையின்றி வளர்கின்றது. நிறுத்தியதும் வட்டம் முன்னிலும் பெரிதாகும், தோலும் மெலியும். 2018-இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டுப் பூச்சு மருந்துகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாதென அறிவித்தது. குளோபெட்டசால், பெக்ளோமெத்தசோன் என்ற பெயர்களைக் குழாயில் கண்டால் தாமாக வாங்கலாகாது.

கிளோட்ரிமசோல் போன்ற காளான் களிம்பை வட்டத்திற்கு வெளியேயும் ஒரு விரற்கடை அளவு சேர்த்துப் பூச வேண்டும்; மறைந்த பின்னும் இரு வாரம் தொடர வேண்டும். துண்டை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளலாகாது. வீட்டில் எத்தனை பேருக்கு உண்டோ அத்தனை பேரும் ஒரே சமயத்தில் மருந்திட வேண்டும். கல்வராயன் மலையில் மழைநாளில் துணி உலர்வது அரிதே. அடுப்பங்கரைக் கொடியில் காயவிட்டேனும், ஈரத்துணி உடுத்துவதைத் தவிர்க்கலாம். உடலெங்கும் பரவினாலும், நீரிழிவு இருந்தாலும் மருத்துவரையே நாட வேண்டும்.

வெளிறிய தேமலில் உணர்ச்சி குன்றியிருந்தால் அது படர்தாமரை அன்று, தொழுநோயாக இருக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் உடனே காட்டுக. அதற்கு அங்கே மருந்து இலவசம்.